துண்டுக்குள் விட்ட கை

துண்டுக்குள் விட்ட கையை, சம்மதமும் சொல்லாமல் மறுப்பும் சொல்லாமல், பாதியில் உருவிக்கொண்டு போனவன் நீ. லாரிக்கு நேரமாச்சு என்பாய், ஜெனரேட்டர் ஏற்ற ஆள் காத்திருந்தான் என்பாய், குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது என்றுகூடச் சொல்வாய், சொல்லக்கூடிய வாய்தான் அது. ஆனால் கையை உருவியதை மட்டும் உன்னால் மறுக்க முடியாது, ஏனென்றால் துண்டு என்னுடையது, நடந்தது என் வீட்டு வாசலில், பக்கத்தில் நின்று பார்த்தது உன் கூடப் பிறந்த நான்.

எங்கள் வெள்ளக்கரடு சந்தையில் மாட்டுக்கு வாயால் விலை சொல்வதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும், விரலைப் பிடிப்பதும் கணுவை அழுத்துவதும்தான் பேச்சு, சுற்றி நிற்கிறவனுக்குத் துணி அசைவது மட்டும்தான் தெரியும். உள்ளங்கையில் கட்டை விரலை ஊன்றினால் சம்மதம், கையைக் கவிழ்த்தால் மறுப்பு, இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் கையை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் அது முடியாத பேரம். அந்த மாட்டை வேறு யாருக்கும் காட்டக் கூடாது, முளையிலிருந்து கயிற்றை அவிழ்க்கக் கூடாது, கையை உருவினவன் திரும்பி வந்து ஒரு பதில் சொல்லும்வரை மாடு வெயிலிலும் மழையிலும் அங்கேயே நிற்கும். உள்ளே என்ன பேசினார்கள் என்று மூன்றாம் ஆள் கேட்பதும் முறையில்லை. இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அப்பன் செத்த வருஷம், உனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கிழட்டு எருமையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குள் போனவள் நான். பொம்பளை கையை எப்படிப் பிடிப்பது என்று ஆம்பளைகள் பல்லை இளித்துக்கொண்டு நின்றபோது, "எருமைக்கு வெல பேச வந்தியா, எங்கைக்கு வெல பேச வந்தியா? எருமைக்குன்னா கைய விடு, இல்லைன்னா வழிய விடு" என்று கத்தினேன். விட்டார்கள். அந்த எருமையில் வளர்ந்த உடம்புடா உன் உடம்பு.

உனக்கு மிதுனா பிறந்தாள். போனில் தேடி நீ வைத்த பேர். மற்றக் குழந்தைகள் மழலை பேசுகிற வயதில் அவள் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, சோடா மூடிகளைச் சுவரோரமாக வரிசை வைத்தாள், ஒரு மூடி விலகினால் முதலிலிருந்து வைத்தாள், வெள்ளை இட்லியைத் தவிர எதையும் தின்னவில்லை, இட்லியில் சட்னி ஒரு பொட்டு ஒட்டினால் தட்டு பறந்தது. கோயமுத்தூர் டாக்டரம்மா பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று சொன்னாள். நான் வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவள், கேட்டதும் ஒத்துக்கொண்டு எழுந்துவிடுவேனா? "கொஞ்சம் பாத்துக் கொறச்சுச் சொல்லுங்கம்மிணி" என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இதுல கொறைக்கறதுக்கும் கூட்டறதுக்கும் ஒண்ணுமில்லீங்க. இது சீக்கு இல்லை, இவ இப்படித்தான். இவகிட்ட எப்படிப் பேசறதுன்னு நீங்கதான் கத்துக்கணும்" என்றாள். எதிராளியின் முகத்தைப் பார்த்தே கடைசி விலை எது என்று எனக்குத் தெரியும். அது கடைசி விலை. நான் ஒத்துக்கொண்டேன், உன் பொண்டாட்டி சுகந்தி அழுது முடித்துவிட்டு ஒத்துக்கொண்டாள், நீ மட்டும் "பழகினாச் செரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாய்.

உன் தொழில் மைக் செட். ஊர் ஊராகக் குழாய் கட்டிப் பெட்டி அடுக்கி அம்மன் பாட்டும் கல்யாணப் பாட்டும் போடுகிறவன், உன் பிள்ளைக்கோ குக்கர் விசில் அடித்தால் உடம்பெல்லாம் துடிக்கும். யார் மேலும் குற்றமில்லை. அதுவரைக்கும் யார் மேலும் குற்றமில்லை.

அவளிடம் எப்படிப் பேசுவது என்பதை நான் கற்றுக்கொள்ளவில்லை, அவள்தான் கற்றுக்கொடுத்தாள். தொட்டால் சுருங்குகிற பிள்ளை, மாட்டின் ஈர மூக்கை மட்டும் மணிக்கணக்கில் தடவுகிற பிள்ளை, ஒரு சந்தை நாள் நான் களைத்து வந்து மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, துண்டுக்கு அடியில் கையை நுழைத்து என் நடுவிரலைப் பிடித்தாள். வீட்டுக்கு வருகிற வியாபாரிகளோடு நான் துண்டு போடுவதை அவள் மூடிகளுக்கு நடுவிலிருந்து பார்த்திருக்கிறாள். துணிக்கு அடியில் முகம் இல்லை பார், அதுதான் விஷயம். "என் மூஞ்சியப் பாரு, என் கண்ணப் பாரு" என்றுதானே எல்லாரும் அந்தப் பிள்ளையை வதைத்தார்கள். நடுவிரல் தண்ணீர் ஆனது, சுண்டுவிரல் இட்லி ஆனது, மணிக்கட்டு அம்மா ஆனது, சம்மதமும் மறுப்பும் சந்தையில் உள்ளபடியே இருந்தன. ஒரு வருஷத்தில் அவள் துண்டுக்குள் வாயாடி ஆகிவிட்டாள். "நங்கையா, எம்புள்ளை இத்தன பேசுவாளா!" என்று சுகந்தி என்னைக் கட்டிக்கொண்டாள். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம், அவள் அப்படிக் கூப்பிடும்போது எனக்கு எப்போதும் கோபம் கொஞ்சம் இறங்கும். நீ மட்டும் துண்டு போடவில்லை. "மாட்டுப் பேச்சை எம்புள்ளைக்குச் சொல்லித் தர்றியாக்கா?" என்றாய்.

அந்த நாள் வந்தது. மாரியம்மன் நோன்புக்குக் கோயில் வாசலில் கம்பம் நடுவதற்கு முன்னால், புதிதாக வாங்கிய பெட்டிகளை வாசலில் அடுக்கி நீ சோதனை போட்டாய், ஓடு அதிர்ந்தது, தொழுவத்தில் கன்று கயிற்றை அறுத்தது, மிதுனா சுவரில் தலையை மோதிக்கொண்டு அலறினாள். நான் வந்து வயரைப் பிடுங்கினேன், உன் சட்டையைப் பிடித்து வாசலில் உட்கார வைத்தேன், "ஒருக்காத் துண்டு போடுடா, அவ என்ன சொல்றான்னு கேளுடா" என்றேன். போட்டாய். அவள் அழுகை நின்றது. உன் கையை அவள் நெடுநேரம் பிடித்திருந்தாள், துணி மெதுவாக ஏறி இறங்கியது, நீ அவளையே பார்த்தாய், உன் முகம் மாறியதை நானும் பார்த்தேன், சுகந்தியும் பார்த்தாள். அவள் உன்னிடம் ஏதோ கேட்டாள். அப்போது லாரியிலிருந்து ஆரன் அடித்தார்கள். நீ கையை உருவினாய். ஏறினாய். போனாய்.

மிதுனா துண்டுக்கு அடியில் விரித்த கையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள், தெருவில் சத்தம் நின்றது.

சத்தம் குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றது என்று சொல்கிறேன். உன் லாரி சத்தமில்லாமல் முக்குத் திரும்பியது, எதிர் வீட்டு நாய் வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டுத் தன் வாய்க்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் படுத்துக்கொண்டது, டீக்கடை சென்னியப்பன் ஒருவனை நோக்கி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், அந்த வார்த்தை அவன் உதட்டோடு போயிற்று. அவள் கையை எடுத்ததும் எல்லாம் திரும்பி வந்தது. அவள் பொத்தினால் போகும், எடுத்தால் வரும், இவ்வளவுதான். முதல் வாரம் எல்லாரும் காதில் குச்சி விட்டுக் குடைந்தார்கள், இரண்டாம் வாரம் என் வாசலில் வந்து சண்டை போட்டார்கள், சண்டை போடும்போது அவள் காதைப் பொத்தியதால் அந்தச் சண்டையும் கேட்கவில்லை, மூன்றாம் வாரம் மழை வெயிலைப் போல அதையும் எடுத்துக்கொண்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் தொழுவத்துக்கு வந்தன. கைக்குழந்தைக்காரிகள் குழந்தையைத் தூங்க வைக்க மிதுனா இருக்கும் பக்கம் தூளி கட்டினார்கள். ஓட்டுக் கேட்டு வந்த வண்டி எங்கள் தெருவில் வாயசைத்துக்கொண்டே நுழைந்து வாயசைத்துக்கொண்டே வெளியே போனது, யாரோ ஒரு கிழவன் கைதட்டினான், அதுவும் கேட்கவில்லை.

சத்தம் இல்லாத நேரத்தில் ஊர் எப்படிப் பேசும்? துண்டு போட்டுத்தான். மாட்டுக்காரர்கள் ஊர், பாதிப் பேருக்குப் பாதி தெரியும், மீதியை நான் சொல்லிக் கொடுத்தேன். பெண்கள் முந்தானைக்கு அடியில் பேசினார்கள். வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத புருஷன் பெண்டாட்டிகள் துணிக்கு அடியில் கை பிடித்து, பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க்கா, அரை டீ கேக்கறதுக்கெல்லாம் எங்கையப் புடிக்கறானுங்க, எம்பொண்டாட்டிகூட இத்தனை தடவை புடிச்சதில்லீங்" என்று சென்னியப்பன் என்னிடம் புலம்பினான்.

"டீ நல்லாப் போட்டா எதுக்குடா கையப் புடிக்கறாங்க, காலப் புடிச்சிருப்பாங்க" என்றேன்.

நோன்பு நெருங்கியது, போன நீ வீடு திரும்பவே இல்லை. கமிட்டியில் சென்னியப்பனும் ஒருவன். கம்பத்துக்கு முன்னால் பறை கேட்காவிட்டால் ஆத்தா எப்படி இறங்குவாள் என்று கவலை வந்துவிட்டது, பிள்ளையை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லலாம் என்று ஒருவன் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டான். முடியாத பேரம்தானே இதற்கெல்லாம் காரணம், பேரத்தை முடித்து வைத்தால் போயிற்று என்று முடிவு செய்தார்கள். மாட்டுக்காரப் புத்தி எப்படிப் போகும் என்று பார். தாய் செத்த கன்றுக்கு வேறு பசுவை ஊட்ட வைக்க, அந்தப் பசுவின் செத்த கன்றுத் தோலைப் போர்த்திவிடுகிற ஆட்கள் நாங்கள், பசு மோந்து பார்த்து ஏமாந்து மடி விடும். அதையே இங்கேயும் செய்தார்கள். உன் பழைய நீலச் சட்டையைச் சுகந்தியிடம் கெஞ்சி வாங்கிச் சென்னியப்பனுக்குப் போட்டார்கள், நீ சுற்றியிருக்கிற மாதிரியே ஆட்காட்டி விரலில் கறுப்பு டேப் சுற்றினார்கள், ஈயம் பற்றவைத்த புகையில் கையைக் காட்டி வாசம் ஏற்றினார்கள். நான் வேண்டாம் என்றேன். சுகந்தி, "ஒருக்காப் பாத்தரலாமுங்க நங்கையா, அவ கேட்டதுக்கு ஆராச்சும் செரின்னு சொல்லட்டும்" என்றாள். அவள் ஆசைக்கு நான் என்ன விலை சொல்வது?

சென்னியப்பன் உட்கார்ந்தான், துண்டுக்குள் கையை விட்டான், சொல்லிக் கொடுத்தபடி அவள் உள்ளங்கையில் கட்டை விரலை ஊன்றினான். மிதுனா அவன் கையைப் பொறுமையாகத் தடவிப் பார்த்தாள், பாய்லர் சுட்ட தழும்புகள் ஒவ்வொன்றையும் தொட்டாள், பிறகு அந்தக் கையை மெதுவாகக் கவிழ்த்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். கோபமில்லை. வேறு ஆள் மாட்டை ஓட்டி வந்தவனை அனுப்புகிற மாதிரி அனுப்பினாள். சென்னியப்பன் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு, மூக்கைச் சிந்தினான்.

மிதுனா காதைப் பொத்தினாள். இந்தத் தடவை தெருவோடு நிற்கவில்லை, கோயில், சந்தை, பள்ளிக்கூடம், ரயில் கேட் வரைக்கும் சத்தம் இல்லாமல் போனது. விழித்திருக்கிற வேளையில் அவள் கையை எடுக்கவும் இல்லை.

நோன்பு நடந்தது, அதையும் கேள். பறை அடிக்கிறவர்கள் அடித்தார்கள், தோல் அதிர்வதைக் கண்ணால் பார்த்துக் கால் எடுத்து வைத்தார்கள், பார்க்காதவனுக்குத் தாளம் இல்லை என்பதால் ஊரே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆடியது, ஆத்தா வழக்கம்போல இறங்கினாள், அருள்வாக்கைத் துண்டு போட்டுச் சொன்னாள். குழாய் கட்ட ஆளில்லாததால் வேப்பமரத்தில் இருந்த தேன்கூடு அந்த வருஷம் அப்படியே இருந்தது. மாடுகள் அரைப்படி கூடக் கறந்தன. அவள் தூங்கி எழுவதற்கு முன்னால், விடியற்காலையில், ஊர் தன் சத்தமான வேலையெல்லாம் முடித்துக்கொள்ளப் பழகிவிட்டது, தாலி கட்டுகிற மேளமும் மாவு மில்லும் திட்டித் தீர்க்க வேண்டிய பாக்கியும் எல்லாம் அந்த நேரத்தில்தான். ஊருக்கு ஒரு குறையும் இல்லை. நான் உன்னைக் கூப்பிடுவது ஊருக்காக என்று நினைத்துவிடாதே.

அப்படி ஒரு விடியற்காலையில், அடுப்புக்கு முன்னால், சுகந்தி என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க நங்கையா, மூடி அடுக்கறப்போ அவ ஒரு மொனகல் மொனகுவாளே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது. பம்பு செட்டு தூரத்துல ஓடற மாதிரி."

"அதைக் கேட்டு எத்தன நாளாச்சு. ஊருச் சத்தத்தோட அதுவும் போயிருச்சுங்க." விறகைத் தள்ளிவிட்டாள். "அதுகூடப் போகட்டும். ரெண்டு கையும் காதுல இருந்தா, அவ எங்கூட எப்படிங்க பேசுவா?"

அவள் நாக்கு அவள் கையில்தானே இருந்தது. இட்லியைச் சுகந்தி ஊட்டுகிறாள், தண்ணீரை நான் ஊட்டுகிறேன், போதுமா இன்னும் வேண்டுமா என்று தெரியவில்லை, வயிறு வலிக்கிறதா என்று தெரியவில்லை. கை சோர்ந்துவிடக் கூடாது என்று இரண்டு முழங்கைக்கும் தலையணை அண்டக் கொடுக்கிறோம். சோடா மூடிகள் சுவரோரம் அப்படியே கிடக்கின்றன, ஒன்று விலகியிருக்கிறது, அதைச் சரிசெய்ய அவளுக்குக் கை இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓரமாக நகர்ந்துகொள்கிறாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. முடியாத பேரத்தில் கட்டிய மாட்டை வேறு ஆளுக்குக் காட்டக் கூடாது, அவ்வளவுதான். சந்தையில் நாங்கள் எல்லாரும் முறையை அங்கே இங்கே வளைத்திருக்கிறோம். அவள் வளைக்க மாட்டாள்.

ரயில் கேட்டைத் தாண்டிப் போய் உனக்குப் போன் போட்டேன்.

"நான் என்னக்கா பண்ணட்டும்? அவளுக்குச் சத்தம் ஆகாது, எனக்குச் சத்தந்தான் சோறு."

"சோத்தைப் பத்தி எங்கிட்டப் பேசாத. அவ கேட்டதுக்குப் பதில் என்ன?"

அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை, நான் மூன்றாம் ஆள். ஆனால் நீ மறக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்துபோயிற்று, போனில் உன் மூச்சு அப்படி இருந்தது. "அம்மாவாசைக்கு வர்றேங்க்கா" என்றாய். அமாவாசை வந்தது. உனக்குப் பதிலாக ஒரு பை நிறையப் பிஸ்கட்டும், காதுக்கு மாட்டுகிற பஞ்சு வைத்த மெஷினும் பஸ்ஸில் வந்தன.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். தினமும் சாயங்காலம், தெருவிளக்குப் போடுகிற வேளையில், முன்னெல்லாம் நீ லாரியில் வீடு திரும்பின வேளை அது, மிதுனா இடது கையை மட்டும் காதிலிருந்து எடுக்கிறாள். துண்டை இழுத்து அதன் மேல் போட்டுக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரம் எங்கள் ஊருக்கு இடது காது மட்டும் கேட்கும். எல்லாரும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள், முதலில் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை. சென்னியப்பன் பாய்லரை அணைத்துவிடுகிறான். பிள்ளைகளை அதட்டுவதில்லை, யாரும் விசில் வைப்பதில்லை, கொஞ்ச நேரம்தான் கிடைக்கிற அந்த ஒற்றைக் காதை ஒருவரும் தன் வேலைக்குச் செலவு செய்வதில்லை. ஊர் மொத்தமும் சாலைப் பக்கமாக அந்தக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உன் லாரிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. இருட்டியதும் அவள் துண்டை மடித்து வைத்துவிட்டுக் கையைத் திரும்பக் காதில் வைக்கிறாள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போகிறோம்.

நான் பேரக்காரி, இறங்கி வரத் தெரியும். இங்கேயே வந்து இரு என்று முதலில் கேட்டேன், அதை விட்டுவிட்டேன். பெட்டிகளை விற்றுவிடு என்று கேட்டேன், அதையும் விட்டுவிட்டேன், உன் சோறு உன் குழாயிலேயே இருக்கட்டும். சுகந்தியிடம் ஒரு வார்த்தை சொல் என்று கேட்டேன், அவளே வேண்டாம் என்றுவிட்டாள். இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான், இதற்குக் கீழே நான் ஒரு நூல் இறங்க மாட்டேன்.

சாயங்காலம் வா. லாரியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பூனை மாதிரி நடந்து வராதே, தெருவுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வா, அது அவளுக்குத் தெரிந்த சத்தம். பிஸ்கட் வேண்டாம், மெஷின் வேண்டாம், அவள் முகத்தைப் பார்க்காதே, பேசாதே, பக்கத்தில் உட்கார். உன் கையை விட வேண்டிய இடம் விரித்தபடி இருக்கிறது, விடு. அவள் என்ன கேட்டாள் என்பது உனக்குத் தெரியும். சரி என்றால் கட்டை விரலை ஊன்று. முடியாது என்றால் கையைக் கவிழ்த்துவிடு, மறுப்பை வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெரியும், சென்னியப்பனைக் கேட்டுப் பார், அவள் எவ்வளவு மரியாதையாகக் கொடுத்தாள் என்று சொல்வான். எதுவானாலும் ஒன்றைச் சொல்லி, என் தம்பி பொண்ணை முளையிலிருந்து அவிழ்த்துவிடு.

சொன்ன பிறகு கையை எடுடா.